மாய்மாலம் உறுத்தும், சுயநீதி உறுத்தாது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறீர்கள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறீர்கள், ஜெபமும் வேதவாசிப்பும் தவறுவதில்லை. ஆனால் உங்கள் மகள் ஒருநாள், "போதகரோட போன்ல பேசும்போது ஒரு குரல், வெச்ச உடனே எங்ககிட்ட வேற குரல்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து, நாம் மாயக்காரரோ என்ற சந்தேகம். இன்னொரு பக்கம், சபையில் மற்றவர்களைப் பார்க்கும்போது 'இவர்களெல்லாம் என்ன விசுவாசிகள்' என்ற நினைப்பு தானாக வந்துவிடுகிறது. இரண்டையும் எப்படித் தவிர்ப்பது, அதுவரை பாடம் எடுப்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் முதலில் தனித்தனியாக வைத்துப் பார்ப்போம். பேச்சுவாக்கில் நாம் இரண்டையும் சேர்த்து 'பரிசேயத்தனம்' என்று சொல்லிவிடுகிறோம் (பரிசேயர் என்பது இயேசுவின் காலத்தில் பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட ஒரு யூதப் பிரிவினர்). மாய்மாலம் பண்ணுகிறவருக்குத் தான் காட்டுவது ஒன்று, இருப்பது ஒன்று என்று தெரியும். எங்கேயோ ஓரத்தில் உறுத்தும். சுயநீதிக்காரருக்கு எதுவும் உறுத்தாது. தான் சரியாக இருப்பதாக அவர் மனதார நம்புகிறார். அதனால் முதலாவதற்குக் கேட்கும் மருந்து இரண்டாவதற்குக் கேட்காது. உங்களுக்கு முதலாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது; இரண்டாவதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, மாய்மாலத்தை முதலில் பார்த்துவிடுவோம். சொல்வதற்கும் செய்வதற்கும் இடைவெளி இருந்தாலே மாய்மாலம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் பவுலும் மாயக்காரர்தான். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று ரோமர் 7-ல் எழுதியவர் அவர். அந்த இடைவெளி இல்லாத விசுவாசி கிடையாது. இடைவெளியே வேண்டாம் என்றால் இலட்சியத்தைக் குறைத்துக்கொள்வதுதான் ஒரே வழி. அப்படிக் குறைத்துக்கொண்டு 'நான் வெளிவேஷம் போடுவதில்லை' என்று பெருமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மாய்மாலம் தொடங்குவது அந்த இடைவெளியை மூடி மறைக்கப் பாடுபடும்போது.

அனனியா, சப்பீராள் கதையை (அப்போஸ்தலர் 5) காணிக்கை கொடுக்கச் சொல்லிப் பயமுறுத்துவதற்கே பெரும்பாலும் எடுக்கிறார்கள். பேதுரு கேட்டதைக் கவனியுங்கள். நிலம் விற்பதற்கு முன்பும் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்கிறார். ஒரு பங்கைக் கொடுத்து, "இது ஒரு பங்குதான்" என்று சொல்லியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பங்கைக் கொடுத்து, முழுவதையும் கொடுத்தவர்கள் என்ற பெயரையும் வாங்கப் பார்த்ததுதான் குற்றம்.

மாய்மாலத்துக்குக் கெட்ட மனதே வேண்டும் என்பதுமில்லை. பயம் போதும். பேதுருவையே எடுத்துக்கொள்ளுங்கள். யோப்பாவில் தரிசனம் கண்டவர், செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனவர், புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவர்களை, தேவன் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு எருசலேமில் சாட்சி சொன்னவர். அப்படிப்பட்டவர் அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து யூதர்கள் சிலர் வந்து சேர்ந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்லப் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். அவருடைய உபதேசத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, உட்கார்ந்த இடம்தான் மாறியது. மற்ற யூதர்களும் அவரோடு மாயம்பண்ணினார்கள், பர்னபாவும் இழுப்புண்டான் என்று கலாத்தியர் 2 சொல்கிறது. பர்னபா! சவுல் (பின்னாளில் பவுல்) உண்மையாகவே மனந்திரும்பியிருக்கிறான் என்று ஒருவரும் நம்பாத நேரத்தில் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போன மனிதர்.

ஆகவே 'நான் மாயக்காரனா' என்று உங்களையே குடைந்துகொண்டிருப்பதைவிட, 'யாருடைய கண்ணுக்குப் பயப்படுகிறேன்' என்று கேட்பது பிரயோஜனமாக இருக்கும். கேள்வி சின்னது, பதில் சட்டென்று வரும். உங்கள் விஷயத்தில் பதில் போனின் மறுமுனையில் இருக்கிறது. போதகரிடம் கனிவாகப் பேசியதில் தவறில்லை. அதைக் குறைத்து நேர்மையைக் காட்ட வேண்டாம். வீட்டில் கோபம் வருவதும் கோபம்தான், அதற்கு மாய்மாலம் என்ற பெயர் பொருந்தாது. உங்களுக்குக் கோபம் வரும் என்பது சபையில் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்று பார்த்துக்கொள்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். மகளிடம் "நீ சொன்னது சரி, என்னை மன்னித்துவிடு" என்று சொல்லுங்கள். 'ஆனால் நீயும்...' என்று தொடராமல் அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம், "வீட்டில் நான் எரிந்து விழுகிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லுங்கள். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது மறைக்கும் வேலையும் போய்விடும்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் ஒரே வைத்தியம் சொல்கிறார்: அந்தரங்கத்தில் செய். இதை நான் சொல்லுக்குச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் வீட்டாருக்கும் தெரியாத ஒரு உதவியைச் செய்து பாருங்கள். செய்தபின் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சில நாட்களில் மனம் மெல்ல ஆரம்பிக்கும்: 'சாட்சியாகச் சொன்னால் நாலு பேருக்குப் பிரயோஜனமாக இருக்குமே.' அல்லது பேச்சோடு பேச்சாக, பெயர் சொல்லாமல், நாம்தான் செய்தோம் என்று மட்டும் புரியும்படி ஒரு குறிப்பு. அந்த அரிப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பாதி வைத்தியம்.

ஆனால் அதே பிரசங்கத்தில், உங்கள் நற்கிரியைகளை மனுஷர் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்றும் இருக்கிறதே? இருக்கிறது. மறைக்கத் தோன்றும்போது காட்டு, காட்டத் தோன்றும்போது மறை என்று பழைய வேதவிளக்கக்காரர் ஒருவர் இரண்டையும் சேர்த்து வைத்தார். வேலை செய்கிற இடத்தில் விசுவாசி என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் அங்கே காட்டுங்கள். சபையில் நீளமாக ஜெபிக்கத் தோன்றினால் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இனி சுயநீதிக்கு வருகிறேன். லூக்கா 18-ல், கோவிலுக்கு ஜெபிக்கப் போன பரிசேயனையும் ஆயக்காரனையும் (வரி வசூலிப்பவன்) பற்றிய உவமை இருக்கிறது. அந்தப் பரிசேயன் பொய் சொன்னதாக இயேசு எங்கும் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டுதரம் உபவாசம். நியாயப்பிரமாணம் கட்டளையாக வைத்தது வருஷத்துக்கு ஒருநாள், பாவநிவிர்த்தி நாள் மட்டும்தான். சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம். அதோடு, அவன் ஜெபத்தைத் தொடங்குவதே தேவனை ஸ்தோத்திரித்துத்தான். 'எல்லாம் கிருபை' என்கிற பாஷை அவனுக்கும் தெரியும். அப்படியானால் எங்கே இடறினான்? 'இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்' என்ற இடத்தில். ஸ்தோத்திரத்துக்குள் பக்கத்தில் நிற்கிறவன் வந்துவிட்டான். அந்த ஆயக்காரனோ மார்பில் அடித்துக்கொண்டு, "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மட்டும் சொன்னான். யார் யார் கோவிலில் நிற்கிறார்கள் என்று அவன் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

இதைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஆதித்திருச்சபையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட 'திதாகே' என்ற சிறு ஒழுங்குநூல், மாயக்காரரோடு சேர்ந்து உபவாசிக்காதீர்கள், அவர்கள் திங்களும் வியாழனும் உபவாசிக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் உபவாசியுங்கள் என்கிறது. பின்னாளில் புதனுக்கும் வெள்ளிக்கும் காட்டிக்கொடுக்கப்பட்ட நாள், சிலுவை நாள் என்று நல்ல அர்த்தங்கள் வந்தது உண்மைதான். ஆனாலும் அந்த வரியைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அதே வாரத்துக்கு இரண்டு நாள்தான். நாள் மாறிவிட்டது, 'அவர்களைப்போல் அல்ல' என்பது மட்டும் மாறவில்லை.

இடையில் ஒன்று. பரிசேயர் என்றாலே வேஷதாரிகள் என்று பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. இயேசு அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். ஏரோது உம்மைக் கொல்ல நினைக்கிறான், போய்விடும் என்று அவரை எச்சரித்தது சில பரிசேயர்கள்தான் (லூக்கா 13). எருசலேம் சபையில் விசுவாசிகளான பரிசேயர்கள் இருந்தார்கள். மத்தேயு 23-ல் அவ்வளவு கடுமையாகப் பேசியபோதும், ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்றுதான் கேட்டார். பரிசேயர்களை ஒரு கேலிச்சித்திரமாக வைத்துக்கொண்டால் அந்த அதிகாரம் நம்மைப் பற்றியது என்றே தோன்றாது. அதில் இன்னொரு வரியும் இருக்கிறது: பிதாக்களின் நாட்களில் நாங்கள் இருந்திருந்தால் தீர்க்கதரிசிகளின் இரத்தப்பழிக்கு உடன்பட்டிருக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டு, அதே தீர்க்கதரிசிகளுக்குக் கல்லறை கட்டுகிறார்களாம்.

தாவீதின் கதைதான் இதில் எனக்கு மிகவும் பயம் தருவது. உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போரில் சாகவைத்த விஷயம் முடிந்து பிள்ளையும் பிறந்தாயிற்று. மாதங்கள் ஓடிவிட்டன. தீர்க்கதரிசி நாத்தான் வந்து ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துக்கொண்ட கதையைச் சொல்கிறான். தாவீதுக்கு மிகுந்த கோபம் வருகிறது. அந்தக் கோபம் நடிப்பே இல்லை. ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும் என்கிறான். யாத்திராகமம் 22 சொல்லும் அளவு அதுதான், சட்டம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் அதோடு நிற்காமல், அவன் மரணத்துக்குப் பாத்திரன் என்றும் சொல்கிறான். ஆடு திருடியதற்கு மரணதண்டனை எந்தப் பிரமாணத்திலும் இல்லை. ஆதியாகமத்தில் வரும் யூதாவும் அப்படித்தான்: விதவையான மருமகள் தாமார் கர்ப்பமானதும் அவளைச் சுட்டெரிக்கும்படி வெளியே கொண்டுவரச் சொன்னான், அந்தக் கர்ப்பத்துக்குத் தானே காரணம் என்று காட்டும் தன் முத்திரை மோதிரமும் கோலும் கண்முன் வந்தபிறகுதான் "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்றான். பிறருடைய ஒரு குற்றத்துக்கு, அதற்கு உரியதைவிட அதிகமாக நமக்குக் கோபம் வந்தால், அந்த அதிகப்படியான பங்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. எப்போதும் நம்முடைய பாவம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடிக்கடி.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தாவீது தன்னை ஆராய்ந்து பார்க்கத் தெரியாதவன் அல்ல. இருந்தும் நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. பேதுருவுக்கும் தானாகத் தெளியவில்லை, பவுல் முகமுகமாய் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. 'உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்' என்று மட்டும் ஆலோசனை சொல்லிவிட்டால் சுயநீதிக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு எழுந்துபோவார். அவருடைய அளவுகோலும் அவருடையதுதானே.

உத்தமமான மனிதர்களும் இதில் எவ்வளவு காலம் குருடாக இருக்க முடியும் என்பதற்கு 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டனைச் சொல்லலாம். 1748-ல் கடற்புயலில் மனந்திரும்பினார். அதன்பிறகு அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவனாக இருந்தார். வேதம் வாசித்தார், கப்பலில் ஆராதனை நடத்தினார். 1754-ல் கடல் தொழிலை விட்டதற்கும் உடல்நிலைதான் காரணம். அந்த வியாபாரத்தைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டது 1788-ல். இப்போது என் இருதயம் நடுங்குகிற ஒரு தொழிலில் நானும் ஒரு கருவியாக இருந்தேன், அந்த நினைவு என்னை என்றைக்கும் தாழ்த்தும் என்று அதில் எழுதினார். அந்தக் கப்பலில் அவர் பண்ணிய ஜெபங்கள் வேஷம் என்று சொல்ல முடியாது. மனதாரப் பண்ணியவை. அதுதான் பயங்கரம்.

ஆக, உங்களுக்கு நாத்தான் வரக்கூடிய வழியைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. உங்கள் முகத்துக்கு நேரே 'இது தப்பு' என்று சொல்லக்கூடியவர் யார்? கடைசியாக யார் சொன்னார்? சொன்னவருக்கு என்ன ஆயிற்று? மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தீர்களா? உங்கள் மகள் சொன்னாள், நீங்கள் அதைத் தள்ளிவிடாமல் இப்படி ஒரு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல அடையாளம்.

பழைய விசுவாசிகள் இதை வாய்ப்புக்கு விட்டுவிடவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பரில் சிறுகுழுக்களுக்கு எழுதிய ஒழுங்கில், யாக்கோபு 5:16-ஐ ஆதாரமாக வைத்து, கடந்த கூட்டத்துக்குப் பின் தெரிந்து செய்த பாவங்கள் என்ன என்று ஒவ்வொருவரும் கேட்கப்படும்படி வைத்தார். ஜெர்மனியில் ஃபிங்கன்வால்டே என்ற இடத்தில் 1935 முதல் 1937 வரை இறையியலாளர் போன்ஹோஃபர் நடத்திய போதகர் பயிற்சிப் பள்ளியில், ஒரு சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. இந்த விதியை ஒரே ஒரு வாரம் கைக்கொண்டு பாருங்கள். நம் உரையாடல்களில் எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும். குறிப்பாக ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நடப்பவை: "பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள், இன்னாருடைய மகன் ஆலயத்துக்கே வருவதில்லையாம், அதற்குக் காரணம் என்னவென்றால்..." காரணம் ஜெபத்துக்குத் தேவையே இல்லை. கர்த்தருக்கு ஏற்கனவே தெரியும்.

ஒரு எச்சரிக்கை: மனதைத் திறந்து சொல்வது ஒருவரிடம், மிஞ்சினால் இரண்டு பேரிடம். அவர்களும் தங்களுடையதை உங்களிடம் சொல்கிறவர்களாக இருக்கட்டும். எல்லாருடைய இரகசியங்களையும் கேட்டு வைத்துக்கொண்டு, தன்னுடையதை ஒருபோதும் சொல்லாத தலைவரிடம் இது வேண்டாம். நாளைக்கு அதுவே கடிவாளமாகிவிடும். மேடையிலும் வேண்டாம். பழைய பாவங்களைச் சாட்சியாகச் சொல்லும்போது அவை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மற்றவர்களைப் பார்த்து வரும் நினைப்பு பற்றிக் கேட்டீர்கள். 'தீர்ப்பு செய்யாதிருங்கள்' என்ற வசனத்தைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லும் வசனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை முதலில் எடு, "பின்பு" சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் இயேசு முடிக்கிறார். துரும்பு அங்கே இருப்பது உண்மை, எடுக்கப்படவும் வேண்டும். கண்ணில் கைவைக்கிறவன் எப்படிக் கை வைக்க வேண்டும் என்பதைக் கலாத்தியர் 6:1 சொல்கிறது: சாந்தமுள்ள ஆவியோடே, தானும் சோதிக்கப்படாதபடிக்கு எச்சரிக்கையாய். ஒருவருடைய குறையைப் பார்த்தவுடன் அவரிடம் போய்ப் பேசத் தோன்றுகிறதா, வேறொருவரிடம் போய்ப் பேசத் தோன்றுகிறதா? எது எந்த ஆவி என்று கண்டுபிடிக்க இது போதும்.

இந்த வசனத்தை நேர்மாறாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. சபைப் பணத்தில் கைவைத்தவரையோ, ஒரு பிள்ளையிடம் தவறாக நடந்தவரையோ பற்றி யாராவது வாயைத் திறந்தால், 'நீ யார் தீர்ப்பு சொல்ல, நீ பாவமில்லாதவனா' என்பார்கள். பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பேசுவதும், சட்டப்படி சொல்லவேண்டிய இடத்தில் சொல்வதும் சுயநீதி ஆகாது. வெள்ளையடிக்கப்பட்ட கல்லறை என்ற வார்த்தை பொருந்துவது அதை மூடி மறைக்கிறவர்களுக்கு.

சுயநீதி ஆட்களுக்கு மட்டுமல்ல, கூட்டத்துக்கும் வரும். மூன்றாம் நூற்றாண்டில் உபத்திரவத்தின்போது மறுதலித்தவர்களைத் திரும்பச் சேர்ப்பதா என்ற சண்டையில் நோவாத்தியர் பிரிந்துபோனார்கள். தாங்களே தூய சபை என்றார்கள். 325-ல் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கத்துக்கு வந்திருந்த அவர்களுடைய பேராயர் அசேசியு தன் நிலையை விளக்கியதும், பேரரசன் கான்ஸ்டன்டைன், "அசேசியுவே, ஒரு ஏணியை வைத்துத் தனியாகவே பரலோகத்துக்கு ஏறிக்கொள்ளும்" என்றாராம். சபைச் சரித்திரம் எழுதிய சாக்ரடீஸ் (தத்துவஞானி அல்ல, வேறொருவர்) இதைக் குறித்து வைத்திருக்கிறார். கான்ஸ்டன்டைனின் கையும் சுத்தமில்லைதான், ஆனால் பேச்சு பொருத்தம். இன்று எதிர்ப்பக்கத்திலும் அதே ஏணி இருக்கிறது: 'நாங்கள் அந்தச் சட்டவாதிகளைப்போல் அல்ல, கிருபையைப் புரிந்துகொண்டவர்கள்.' ரோமர் 14-ல், எதைச் சாப்பிடலாம் என்ற சண்டையில், பவுல் இரண்டு பக்கத்தையும் பிடிக்கிறார். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணுகிறான், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறான்.

கடைசியாக, பாடம் எடுப்பதை நிறுத்த வேண்டுமா? உங்கள் பாவம் யாரையாவது காயப்படுத்திக்கொண்டே இருந்தாலோ, பாடம் எடுப்பதே அதற்குத் திரையாக இருந்தாலோ, நிறுத்துங்கள். பொறுப்பில் இருப்பவரிடம் காரணத்தையும் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அந்தியோகியாவுக்குப் பிறகும் பேதுரு அப்போஸ்தலனாகத்தான் இருந்தார். தகுதி வந்தபிறகு கற்றுக்கொடுக்கலாம் என்று காத்திருந்தால், ஒருநாள் 'வந்துவிட்டது' என்று தோன்றும். அப்படித் தோன்றும் நாளில் பாடம் எடுப்பதைவிட இன்றைக்கு எடுப்பது பிள்ளைகளுக்குப் பத்திரம். தொடர்ந்து எடுங்கள். ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: அடுத்தமுறை கோபத்தைப் பற்றிய பாடம் வரும்போது, 'நாம் கோபப்படக்கூடாது' என்று பொதுவாகச் சொல்லி நகராமல், இது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது, இந்த வாரம் என் வீட்டில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள். அதற்குமேல் விவரம் வேண்டாம். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அதில் ஒன்றிரண்டுக்கு உங்களிடம் பதில் இருக்காது. 'தெரியவில்லை, நானும் யோசிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள்.